ஒன்றியம் இல்லாத கண்டல்முனை வாடி அணிக்குச் சங்குக் கிண்ணத்தில் இடம் கோரல்

அனுப்புநர்:
எமிலியானுஸ் பெற்றிசியா (வயது 17),
செயலாளர்,
கண்டல்முனை மகளிர் உதைபந்தாட்ட அணி,
கண்டல்முனை வாடி,
விடத்தல்தீவு வழி,
மன்னார் மாவட்டம்.
ஒன்றியம்: இல்லை

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேன்முறையீட்டுக் குழு,
கரையோர மகளிர் உதைபந்தாட்டச் சம்மேளனம்,
மன்னார்.

பொருள்: பன்னிரண்டு அணிகளாக விரிவாக்கப்பட்ட சங்குக் கிண்ண விலகல் சுற்றில், ஒன்றியத்தில் சேரவில்லை என்ற காரணத்தால் எங்கள் அணி நிராகரிக்கப்பட்டமை பற்றியது.

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

1. மாசி மாதம் 14ஆந் திகதி சம்மேளனக் கந்தோரில் எங்கள் மேன்முறையீடு விசாரிக்கப்பட்டபோது, தங்களுக்கு நேர் எதிரே இருந்த கதிரையில் இருந்தவள் நான். தாங்கள் என்னைத் திரும்பத் திரும்பப் பேசச் சொன்னீர்கள். நான் மேசை விரிப்பில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டு இருந்தேன். விசாரணை அறிக்கையில் "அணியின் தரப்பில் எதுவும் கூறப்படவில்லை" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வசனத்தில் பிழை இல்லை. ஆனால் எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று அதை வாசிப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைக்க விடக்கூடாது என்பதற்காக, அன்று என் வாயில் வராதவற்றை இந்த மனுவில் எழுதுகிறேன்.

2. அணியின் செயலாளர் மட்டுமே விசாரணையில் பேசலாம் என்பது சம்மேளனத்தின் விதி என்று அங்கே வந்த பிறகுதான் அறிந்தோம். செயலாளர் என்றால் எழுதுகிற ஆள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். என் கையெழுத்து வடிவாக இருக்கும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரியாத ஆட்கள் முன்னால் என் பெயரைச் சொல்வதற்கே எனக்கு வராது. எங்கள் அணித்தலைவி சிவராணி எழும்பியபோது, "செயலாளர் கதைக்கட்டும், நீங்கள் இருங்கோ தங்கச்சி" என்று அவரை இருத்தினீர்கள். சிவராணி கதைக்கத் தொடங்கினால் நண்டு வாங்க வரும் லொறிக்காரரே விலையைக் கூட்டிவிட்டுப் போவார். அவர் அன்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே வந்த பிறகும் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். அந்தச் சோடாவைக் குடித்து முடிக்க முதலே இதை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

3. எங்களுடைய ஊர் எது என்று விசாரணையில் கேட்டீர்கள். அதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லாதபடியால்தான் இந்தப் பிரச்சினையே வந்தது. வாடி என்பது மீன்பிடிப் பருவத்துக்குக் கரையோரம் போடுகிற ஓலைக் கொட்டில்கள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். மாரிக் கடல் அடங்கியதும் மாசியில் எங்கள் குடும்பங்கள் வலை, பானை, கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வங்காலையிலிருந்து கண்டல்முனைக்கு வரும். முசலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் அப்படியே வரும். சோளகக் காற்று ஓய்ந்து புரட்டாதி பிறந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் போவோம். வருடத்தில் பாதிக்கு மேல் எங்கள் வீடு வாடிதான். சிவராணியின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து காட்டோரக் காணிகளில் குடியேறியவர்கள். அவர்கள் வாடியில் இரவு தங்குவதில்லை. காலையில் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து, நண்டு கழற்றும் கூலி வேலை செய்துவிட்டுப் பின்னேரம் திரும்புவார்கள்.

4. நண்டு கழற்றுவது என்றால், வலையில் சிக்கிய நண்டைக் காலும் ஓடும் உடையாமல் பிரித்து எடுப்பது. ஒரு கால் போனாலும் நண்டு வாங்கும் கம்பெனிக்காரர் அதை விலை குறைந்த வேறு கூடையில் போட்டுவிடுவார். மூன்று ஊர்ப் பெண் பிள்ளைகளும் ஒரே வலையைச் சுற்றி இருந்து இந்த வேலையைச் செய்கிறோம். வலை முடிந்ததும் அதே வெளியில் பந்து அடிக்கத் தொடங்கினோம். வலைக் கம்புகளை நட்டுக் கோல் ஆக்கினோம். கிழிந்த நண்டு வலையை அதற்குக் கட்டினோம். எங்கள் கோல்காப்பாளர் ஹலீம் அபிசாவின் விரல்களில் நண்டு கடித்த வடு இல்லாத இடம் இல்லை. பந்து கடிக்காது என்பதால் அதைப் பிடிப்பது தனக்கு ஓய்வு என்று அவர் சொல்வார். இந்த அணியை யாரும் கூட்டம் போட்டு உண்டாக்கவில்லை. ஆகவே கூட்டம் போட்டு இதைக் கலைக்க யாருக்கும் உரிமை இருப்பதாக நாங்கள் கருதவில்லை.

5. சென்ற வருடம் வரை சங்குக் கிண்ணத்தின், தோற்றால் வெளியேறும் விலகல் சுற்றில் நான்கு அணிகள் மட்டுமே இருந்தன. எல்லைவாரியாகக் கழகங்கள் சேர்ந்திருக்கும் ஒன்றியங்களில் ஒன்றைச் சேர்ந்த அணியா இல்லையா என்று பாராமல், அந்த வருடம் யார் நன்றாக விளையாடினார்கள் என்று பார்த்து நான்கு அணிகளைத் தெரிவுக் குழு எடுத்தது. சென்ற வருடம் நான்காவது இடம் எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் மைதானத்துக்குள் இறங்கும்போது பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருவர், "நண்டுக்காரியள் வந்திட்டாளவை, மூக்கைப் பொத்துங்கோ" என்றார். அபிசா கோலடியில் நின்றுகொண்டு, "மூக்கை விடுங்கோ அண்ணை, கோல் எண்ணக் கை வேணும்" என்றார். அந்த அரையிறுதியில் தென்கரை ஒன்றியத்தின் சம்பியனை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றோம். இறுதிப் போட்டியில் தண்ட உதையில் தோற்றோம். எங்கள் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கம்பத்தைப் பற்றி எங்களுக்கு எந்த முறைப்பாடும் இல்லை.

6. இந்த வருடம் நான்கு அணிகள் பன்னிரண்டு ஆகின்றன என்ற சுற்றறிக்கை கார்த்திகையில் வந்தபோது வாடிப் பிள்ளைகள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். இடம் கூடினால் வாய்ப்பும் கூடும் என்று யாரும் நினைப்பார்கள்தானே. பிறகு விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஐந்து ஒன்றியங்களின் சம்பியன்களுக்கும் இடம் நிச்சயம். அவர்களில் சிறந்த நான்கு அணிகளுக்கு முதற்சுற்றில் ஓய்வு; அவர்கள் நேரே காலிறுதிக்குப் போவார்கள். ஒன்றியம் சாராத அணி எவ்வளவு நன்றாக விளையாடினாலும் அந்த ஓய்வு கிடைக்காது. மீதி ஏழு இடங்களைத் தெரிவுக் குழு நிரப்பும். இதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஓய்வு வேண்டாம், முதற்சுற்றிலிருந்தே ஓடுகிறோம் என்று எழுதியும் அனுப்பினோம். ஆனால் தை மாதத்தில் இன்னொரு பிரிவு சேர்க்கப்பட்டது. பங்குனி 15ஆந் திகதிக்குள் ஏதாவது ஒரு ஒன்றியத்தில் இணையாத அணியைத் தெரிவுக் குழு கவனத்தில் எடுக்காது என்பதே அது. நான்கு அணிகள் இருந்த காலத்தில் எங்களுக்கு இடம் இருந்தது. பன்னிரண்டு அணிகள் வந்த பிறகு இடம் இல்லை. ஒரு ஒன்றியத்தில் மூன்றாவதாக வந்த அணிகூட உள்ளே போகலாம். சென்ற வருட இறுதிப் போட்டியில் விளையாடிய நாங்கள் வாசலில் நிற்க வேண்டும். இதை எந்தக் கணக்கில் விரிவாக்கம் என்று சொல்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

7. எங்களை நிராகரித்த கடிதத்தில் மூன்று காரணங்கள் கூறப்பட்டுள்ளன. ஒன்று, நாங்கள் இலகுவான அணிகளோடு மட்டும் விளையாடுகிறோம். இரண்டு, எங்களுக்கு மைதானம் இல்லை. மூன்று, ஒன்றியத்தில் சேர மறுக்கிறோம். மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

8. இலகுவான அணிகள் பற்றியது: சென்ற வருடம் சித்திரையிலிருந்து ஆவணி வரை எங்களோடு விளையாட வந்த அணிகளில் ஒன்றியக் கழகங்களும் இருந்தன. அவர்கள் வாடிக்கு வருவார்கள், விளையாடிவிட்டு நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுப் போவார்கள். பன்னிரண்டு அணி விதி வந்த பிறகு ஒருவரும் எங்களோடு விளையாடவில்லை. மாரியில் அவர்களுடைய மைதானத்துக்கே வருகிறோம் என்று நாங்கள் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. காரணத்தை ஒரு கழகத்துப் பிள்ளை பஸ்ஸில் வைத்து எங்களிடம் சொன்னார். "உங்களை வெண்டா எங்களுக்கு ஒண்டும் இல்லை. தோத்தா எங்கட ஒன்றியத்தின்ர தரம் இறங்கிடும். அதால உங்களோட விளையாட வேண்டாமெண்டு சொல்லிப் போட்டினம்." அவர் அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல. எங்களோடு விளையாட வேண்டாம் என்று கழகங்களுக்குச் சொல்லிவிட்டு, கழகங்களோடு விளையாடவில்லை என்று எங்கள் மீது எழுதுவது நேர்மை ஆகுமா என்பதைத் தங்களிடமே விடுகிறேன்.

9. மைதானம் பற்றியது: இதில் எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறேன். மைதானத்தைப் பார்வையிட வசதியான ஒரு நாளை அறிவிக்கும்படி சம்மேளனம் கேட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கூடி யோசித்து மார்கழி மாதத்தில் ஒரு நாளைக் குறித்தோம். மார்கழியில் வாடியில் தொழில் இல்லை. நண்டு இல்லாதபடியால் எல்லோரும் வரலாம், அணி முழுவதும் நின்று மரியாதையாக வரவேற்கலாம் என்று நினைத்தோம். எங்கள் மைதானம் களப்பு வெளி. மாரியில் நீர் ஏறி முழங்கால் வரை நிற்கும். தை முடிய வற்றும். மாசியில் வெடிக்கும். பங்குனியில் இறுகித் தார் வீதி மாதிரி ஆகிவிடும். வருடம் தவறாமல் அப்படியே நடப்பதால், அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மழைக்கு நனையும் என்று யாரும் கடிதத்தில் எழுதுவதில்லைத்தானே.

10. கள ஆய்வாளர் அருளப்பு ஐயா அவர்கள் வந்த அன்று, நாங்கள் எங்கள் ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து மண் அணையில் வரிசையாக நின்றோம். வாடிக் கொட்டில்களும் அப்போது பிரிக்கப்பட்டிருந்தன. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரும், தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்ற பூநாரைகளும்தான்.

"மைதானம் எங்க பிள்ளையள்?" என்று ஐயா கேட்டார்.

"இந்தா, இதுதான் ஐயா" என்று சிவராணி கையைக் காட்டினார்.

"இது கடலெல்லோ."

"இப்பதான் ஐயா கடல். மாசியில கிறவுண்டு."

"அந்தப் பறவையள் நிக்கிறது?"

"அது சென்டர் ஐயா."

ஐயா நாங்கள் பகிடி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். சத்தியமாக ஒருவரும் பகிடி செய்யவில்லை. அந்த இடம்தான் நடுக்கோடு. ஐயா கோபத்தில் தான் வந்த வான் வண்டியை அணையிலிருந்து கீழே இறக்கித் திருப்பப் பார்த்தார். சில்லுகள் சேற்றில் புதைந்துவிட்டன. நாங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கி, அணி முழுவதும் சேர்ந்து வானைத் தள்ளி மேலே ஏற்றினோம். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளும் இறங்கினார்கள். ஐயாவின் அறிக்கையில், "மைதானம் எனக் காட்டப்பட்ட இடம் நீர்நிலையாகும், அங்கு பறவைகள் காணப்பட்டன" என்று இருக்கிறது. வானைப் பற்றி ஒன்றும் இல்லை. ஐயாவை நான் குறை சொல்லவில்லை. பார்த்ததை எழுதினார். ஆனால் எந்த மாதத்தில் பார்த்தார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

11. ஒன்றியம் பற்றியது: ஒன்றியத்தில் சேர மறுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். விதிப்படி ஒரு வீராங்கனை தன் நிரந்தர வதிவிடம் இருக்கும் எல்லையின் ஒன்றியத்தில் மட்டுமே பதியலாம். எங்கள் அணியில் பதினாறு பேர். வங்காலைப் பிள்ளைகள் ஆறு பேரும் தென்கரை ஒன்றியத்துக்குப் போக வேண்டும். அபிசாவும் அவரோடு முசலிப் பக்கத்திலிருந்து வந்த நால்வரும் இன்னோர் ஒன்றியத்துக்குப் போக வேண்டும். சிவராணியும் குடியேற்றக் கிராமத்துப் பிள்ளைகள் நால்வரும் மூன்றாவது ஒன்றியத்துக்குப் போக வேண்டும். வாடி இருக்கும் எல்லையின் ஒன்றியமோ, ஓலைக் கொட்டில் நிரந்தர வதிவிடம் ஆகாது என்று ஒருவரையும் எடுக்காது. ஆகவே தாங்கள் எங்களைச் சேரச் சொல்லவில்லை, பிரியச் சொல்கிறீர்கள். பிரிந்த பிறகு சேருவதற்கு அங்கே அணி இருக்காது.

12. இது நான் கற்பனை செய்து எழுதுவது அல்ல. விசாரணை முடிந்து ஒரு கிழமைக்குள், தென்கரை ஒன்றியத்தின் செயலாளர் மில்ரன் அவர்கள் மோட்டார் சைக்கிளில் வாடிக்கு வந்தார். நாங்கள் வலையைச் சுற்றி இருந்து நண்டு கழற்றிக்கொண்டு இருந்தோம். அவர் எங்கள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே தருகிறேன். "தங்கச்சி, நீர் ஏன் இந்த வெய்யிலுக்க கிடந்து காயிறீர்? நீங்கள் வங்காலை ஆறு பேரும் எங்களிட்ட வாங்கோ. எங்கட சம்பியனுக்கு முதற்சுற்று ஓய்வு இருக்கு, நேரா காலிறுதி. உமக்கு நடுக்களம் தாறன். மிச்ச ஆக்களை அவையவையின்ர ஒன்றியம் பாத்துக்கொள்ளும்."

சிவராணி நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாங்க என்ன நண்டா அண்ணே, கால் வேற ஓடு வேறயா கழட்டுறதுக்கு?" என்று கேட்டார்.

"இல்லைத் தங்கச்சி, நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

"கால் கழண்ட நண்டு எந்தக் கூடைக்குப் போகும்னு கம்பெனிக்காரர்கிட்டக் கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மில்ரன் அவர்களும் சிரித்தார். நல்ல மனிதர்தான், அவருடைய அணிக்கு ஆட்கள் வேண்டும், கேட்டார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கேட்கப்பட்டது என்னைத்தானே. நேரே காலிறுதி என்பது சிறிய விடயம் இல்லை. மாகாண அணிக்குத் தெரிவு செய்பவர்கள் காலிறுதியிலிருந்துதான் பார்க்க வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு விளையாட்டைத் தவிர வேறு வழி ஒன்றும் திறந்து இல்லை என்பதும் தெரியும். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். அது போதுமாக இருந்தது. மற்ற ஐந்து பேரையும் அவர் கேட்கவே இல்லை.

13. ஒன்றியக் கழகங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன். அவர்கள் வருடம் முழுவதும் ஒன்றியத்துக்குள் கடினமான போட்டிகள் விளையாடித் தங்கள் இடத்தைப் பிடிக்கிறார்கள். மைதானத்தில் புல் வெட்டுகிறார்கள், கோடு போடுகிறார்கள், மத்தியஸ்தர்களுக்குத் தேநீர் கொடுக்கிறார்கள். அந்தச் சுமை ஒன்றும் இல்லாமல் நாங்கள் வந்து கடைசிச் சுற்றில் மட்டும் கதிரை போட்டு இருப்பது சரியில்லை என்கிறார்கள். சரி. அந்தச் சுமையைத் தாருங்கள். ஐந்து ஒன்றியங்களின் சம்பியன்களையும் அவர்களுடைய மைதானத்திலேயே வந்து சந்திக்கிறோம். ஐந்து போட்டிகளிலும் எப்படி விளையாடினோம் என்று பார்த்துத் தெரிவுக் குழு முடிவு செய்யட்டும். மோசமாக விளையாடினால் நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வலைக்குப் போவோம். எங்களை விளையாடி வெளியேற்றுங்கள். எழுதி வெளியேற்ற வேண்டாம்.

14. தலைவர் ஐயா, நாங்கள் தங்களிடம் சலுகை கேட்கவில்லை. முதற்சுற்று ஓய்வு கேட்கவில்லை. ஒரு ஒன்றியச் சம்பியனின் இடத்தையும் கேட்கவில்லை. நாங்கள் கேட்பவை இவைதான். தை மாதத்தில் சேர்க்கப்பட்ட பிரிவை நீக்கி, ஒன்றியம் சாராத அணியையும் மீதி ஏழு இடங்களுக்குக் கவனத்தில் எடுக்க வேண்டும். எங்களோடு விளையாடும் கழகங்களின் தரம் அதனால் இறக்கப்படாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். எங்கள் மைதானத்தைத் தண்ணீர் இல்லாத காலத்தில் இன்னொரு தடவை பார்வையிட வேண்டும். இந்த மூன்றையும் மறுப்பதாக இருந்தால், அதற்கான காரணத்தையாவது எங்களுக்கு நேரே எழுதுங்கள். "ஒன்றியம் இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். அது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த மனுவின் தலைப்பிலேயே நான் எழுதியிருக்கிறேன்.

15. பதில் எப்படி வந்தாலும் பங்குனி 15ஆந் திகதிக்குள் எங்களில் ஒருவரும் எந்த ஒன்றியத்திலும் பதியமாட்டோம். இதைப் பதினாறு பேரும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். எங்கள் பெயர் எந்த ஒன்றியத்தின் பதிவிலாவது காணப்பட்டால் அது எங்களைக் கேளாமல் போடப்பட்டது என்று கொள்ளவும்.

16. பங்குனி 14ஆந் திகதி சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் மைதானத்தில் ஒரு போட்டி நடைபெறும். கோடு போட்டிருப்போம். ஒன்றியக் கழகம் ஒன்றின் பிள்ளைகள் எங்களோடு விளையாட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "எங்கட தரம் இறங்கினா இறங்கட்டும், நாங்கள் வாறம்" என்று அவர்களுடைய தலைவி தொலைபேசியில் சொன்னார். எந்தக் கழகம் என்று நான் எழுதமாட்டேன். விசாரணைக்கு அழைத்தாலும் சொல்லமாட்டேன். நான் பேசாமல் இருப்பதில் எவ்வளவு கெட்டிக்காரி என்பதைத் தாங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்.

17. அந்தப் போட்டிக்குத் தாங்களும் குழு உறுப்பினர்களும் அருளப்பு ஐயா அவர்களும் வர வேண்டும் என்று அணியின் சார்பில் அழைக்கிறேன். இது நோன்பு மாதம். அபிசாவும் அவருடைய ஆட்களும் நோன்போடுதான் விளையாடுவார்கள். வங்காலை ஆட்களான எங்களுக்குத் தவக்காலம், நாங்கள் இறைச்சியை விட்டிருக்கிறோம். இந்த அணியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடுவது சிவராணியின் ஆட்கள் மட்டும்தான் என்று வாடியில் பகிடி சொல்வார்கள். போட்டி முடியப் பொழுது படும். நோன்பு திறக்கும்போது எல்லோருக்கும் கஞ்சி இருக்கும், தங்களுக்கும் இருக்கும்.

18. மைதானம் இப்போது இறுகிவிட்டது. சப்பாத்தோடு வரலாம். ஆனால் அணைக்குக் கீழே வலது பக்கம் ஒரு சதுரம் மட்டும் இன்னும் காயவில்லை. மேலே காய்ந்த மாதிரித் தெரியும், கீழே சேறு. சென்ற முறை வான் புதைந்த இடம் அதுதான். வாகனத்தை அணையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். தவறி இறக்கிவிட்டாலும் யோசிக்க வேண்டாம், தள்ளித் தருவோம். அந்த வானை மேலே ஏற்றப் பதினாறு பேரும் வேண்டியிருந்தது. ஆறு பேராலும் முடியாது, ஐந்து பேராலும் முடியாது. மார்கழியில் தள்ளிப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

தங்களை அணையில் எதிர்பார்த்து நிற்கும்,

எ. பெற்றிசியா
செயலாளர்,
கண்டல்முனை மகளிர் உதைபந்தாட்ட அணி.

இடம்: கண்டல்முனை வாடி
திகதி: 2026 பங்குனி 02

இம்மனு அணியின் முன்னால் சத்தமாக வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அணித்தலைவி சிவராணி. கேட்டுச் சரி என்று ஒப்பமிட்ட மற்றவர்களின் பெயர்கள் பின்பக்கத்தில் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊர் என்ற இடத்தில் கண்டல்முனை வாடி என்றே எழுதியிருக்கிறார்கள். அது பிழையாக எழுதப்பட்டது அல்ல.